சவாரிக் குதிரை சிகிச்சைக்குத் துணையாகுமா?

குதிரை நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. கடல் கடந்து காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. வள்ளல் காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். குதிரையின் நடையை ஐந்து கதிகளாக வகுத்துப் பெயரிட்டனர் முன்னோர். ஊர் எல்லையில் ஐயனாருக்கு மண்குதிரை செய்து நிறுத்தும் வழக்கம் இன்றும் உண்டு. போர்க்களத்திலும் தேரிலும் சந்தையிலும் கோயிலிலும் குதிரையைக் கண்ட நாம், மருத்துவமனை வாசலில் அதைக் கண்டதில்லை. உடல் ஊனமுற்ற குழந்தைக்குக் குதிரை சிகிச்சைத் துணையாக நிற்கும் என்று சொன்னால் நம்மில் சிலர் சிரிப்பர். வேறு சிலர் உடனே நம்பிவிடுவர். இரண்டும் சரியன்று. ஆராய்ந்து பார்ப்பதே மாணவர் கடன்.

கேள்வி பிறந்த இடம்

நான் விலங்கியல் முதுகலை மாணவன். இடுக்கி மாவட்டம் தேவிகுளம் தாலுகாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். என் பாட்டனார் காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி வந்த குடும்பம் எங்களுடையது. தொழிலாளர் வீட்டு வரிசைக்கு எங்கள் ஊரில் 'லயம்' என்று பெயர். குதிரை கட்டும் கொட்டிலுக்கு 'லாயம்' என்று பெயர். ஒரு கால் எழுத்துதான் வேறுபாடு!

எங்கள் லயத்தில் நான் சித்தி என்று அழைக்கும் அம்மையார் ஒருவர் இருக்கிறார், கொழுந்து பறிப்பவர். அவருடைய ஏழு வயது மகனுக்கு மூளை முடக்குவாதம். தாங்கிப் பிடித்தால் உட்காருவான், விட்டால் சாய்வான். கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். சுற்றுலாச் சாலையில் குதிரைச் சவாரி நடத்தும் ஒருவர், "இருபது தடவை குதிரையில் ஏற்றினால் பையன் நடந்துவிடுவான், வெளிநாட்டில் இதுதான் வைத்தியம்" என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். ஒரு சவாரிக்குக் கேட்ட பணம் சித்தியின் ஒரு நாள் கூலியைவிட அதிகம். காதுத் தோட்டை அடகு வைக்கும் எண்ணத்தோடு இருந்த அவர், விடுமுறைக்குச் சென்ற என்னைக் கேட்டார்: "ஏய்யா, நீ மிருகத்தப் பத்தித்தான படிக்க? குதிர மேல உக்கார வச்சா புள்ள நடப்பான்னு சொல்லுதாவ. நெசமா?"

அக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை. நான் மருத்துவ மாணவன் அல்லேன். ஆயினும் இக்கேள்வியில் பாதி மனித உடலைப் பற்றியது. மறுபாதி குதிரையைப் பற்றியது. மருத்துவர்கள் முதற்பாதியை எழுதிவைத்திருக்கிறார்கள். இரண்டாம் பாதியை நம் ஊரில் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

டென்மார்க்கு வீராங்கனை

இத்துறையின் வரலாற்றைத் தேடுவோர் முதலில் சந்திக்கும் பெயர் லிஸ் ஹார்ட்டெல். டென்மார்க்கு நாட்டவர், நல்ல குதிரை வீராங்கனை. 1944-ஆம் ஆண்டில், தம் 23-ஆம் வயதில், கருவுற்றிருந்தபோது, இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. குழந்தை நலமாகப் பிறந்தது. தாயோ விடாமுயற்சியால் மெல்ல மெல்ல எழுந்தார். எனினும் முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலற்றே இருந்துவிட்டன. பிறர் உதவியின்றிக் குதிரையில் ஏறவோ இறங்கவோ அவரால் இயலாது. அந்நிலையிலும் ஜூபிலி என்ற குதிரையின் மீதமர்ந்து பயின்று, 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரை நடைப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அப்போட்டியில் ஆடவரோடு பெண்டிரும் கலந்துகொள்ள இடம் தரப்பட்டது அவ்வாண்டில்தான். தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர் ஹென்றி செயின்ட் சிர், அவரைத் தாங்கிப் பதக்க மேடைக்கு அழைத்துச் சென்றார். 1956-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த குதிரைப் போட்டிகளிலும் மீண்டும் வெள்ளி பெற்றார் ஹார்ட்டெல்.

அவருடைய வெற்றி ஐரோப்பாவில் பலரைச் சிந்திக்க வைத்தது. 1960-களில் ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்து ஆகிய நாடுகளில் உடலியக்கச் சிகிச்சையாளர்கள் குதிரையின் நடையைச் சிகிச்சைக் கருவியாகப் பயன்படுத்தத் தொடங்கினர். 1969-இல் பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் உடற்குறையுடையோர் சவாரிக்கென்று தனித்தனிச் சங்கங்கள் தோன்றின. அவை இன்றும் இயங்கி வருகின்றன.

ஆனால் ஒன்றை நாம் மறத்தலாகாது. ஹார்ட்டெல் நோய்க்கு முன்பே தேர்ந்த வீராங்கனை. குதிரை அவருடைய கால்களைக் குணப்படுத்தவில்லை. கால்கள் செயலிழந்த நிலையிலும் அவரால் எவ்வளவு செய்ய முடியும் என்பதை உலகுக்குக் காட்டியது. 'குணமாதல்' வேறு, 'இயலுதல்' வேறு. இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

மூன்று பணிகள், மூன்று பெயர்கள்

'குதிரை வைத்தியம்' என்று ஒரே சொல்லால் பேசுவதால் குழப்பம் விளைகிறது. இதில் மூன்று பணிகள் உள்ளன.

ஒன்று, ஹிப்போதெரபி. இதை நடத்துபவர் உரிமம் பெற்ற இயன்முறை மருத்துவரோ, செயல்முறைச் சிகிச்சையாளரோ, பேச்சுச் சிகிச்சையாளரோ ஆவார். குழந்தை குதிரையை ஓட்டுவதில்லை. அதன் மீது அமர்கிறது, சில வேளை குப்புறப் படுக்கிறது, சில வேளை பின்புறம் நோக்கி உட்காருகிறது. குதிரையின் அசைவே இங்கு மருந்து. அதன் அளவை நிர்ணயிப்பவர் சிகிச்சையாளர்.

இரண்டு, தகவமைத்த சவாரிப் பயிற்சி. இதை நடத்துபவர் அதற்கெனப் பயின்ற சவாரி ஆசிரியர். மாணவரின் குறைக்கேற்பச் சேணத்தையும் கடிவாளத்தையும் மாற்றியமைத்துச் சவாரி கற்பிக்கிறார். இது கல்வியும் விளையாட்டும் ஆகும், மருத்துவம் அன்று.

மூன்று, குதிரையின் மீது ஏறாமலே செய்வது. மன அதிர்ச்சியாலோ அச்சத்தாலோ வருந்துவோர், மனநலச் சிகிச்சையாளரின் துணையோடு குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டுவதும், தீனி வைப்பதும், கையிற் பிடித்து நடத்துவதுமான பணி.

எங்கள் ஊர்ச் சவாரிக்காரர் சித்தியிடம் விற்க முயன்றது இம்மூன்றில் எதுவும் அன்று. சுற்றுலாச் சவாரிக்கு மருத்துவப் பெயர் சூட்டினார், அவ்வளவே. நரியைப் பரியாக்கிய திருவிளையாடலை நாம் அறிவோம். அன்றிரவே அப்பரிகள் மீண்டும் நரிகளாயின என்பதையும் மறந்துவிடக் கூடாது!

நடையில் என்ன இருக்கிறது?

நண்பர்களே, எழுந்து நின்று இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்பெலும்பின் மேல் வைத்துக்கொண்டு பத்தடி நடந்து பாருங்கள். இடுப்பு முன்னே செல்கிறது. அதோடு ஒவ்வோர் அடிக்கும் சற்று ஏறி இறங்குகிறது, பக்கவாட்டில் சாய்கிறது, வலமும் இடமுமாகச் சிறிது திரும்புகிறது. நாம் உணராமலே நிகழும் இந்த அசைவுகளுக்கு ஏற்ப முதுகும் கழுத்தும் ஒவ்வொரு நொடியும் தம்மைச் சரிசெய்துகொள்கின்றன. நடக்க இயலாத குழந்தையின் இடுப்பு இவ்வனுபவத்தைப் பெறுவதே இல்லை. முதுகுத் தசைகளுக்குச் சமநிலைப் பாடம் சொல்லித்தர யாரும் இல்லை.

இனிக் குதிரையைப் பார்ப்போம். குதிரை மெல்ல நடக்கும்போது நான்கு கால்களும் தனித்தனியே தரையைத் தொடுகின்றன: இடப் பின்கால், இட முன்கால், வலப் பின்கால், வல முன்கால். நான்கு தட்டுத் தாளம். பின்கால் ஒவ்வொன்றும் மாறி மாறி உந்தும்போது முதுகு முன்னே செல்கிறது, ஏறித் தாழ்கிறது, சாய்கிறது, சற்றே திரும்புகிறது. முதுகில் அமர்ந்தவரின் இடுப்பு, நடக்கும் மனிதனின் இடுப்பைப் போலவே அசைகிறது. நடுத்தரக் குதிரை ஒன்று நிமிடத்துக்கு 50 முதல் 60 முழு நடை வைக்கும். முழு நடை ஒன்றுக்குப் பின்கால் உந்தல் இரண்டு. ஆகவே நிமிடத்துக்கு 100 முதல் 120 உந்தல்கள். மனிதன் இயல்பாக நடக்கும் வேகமும் ஏறத்தாழ அதுவே! அரை மணி நேரம் அமர்ந்தால் குழந்தையின் முதுகு 3,000 தடவைக்குக் குறையாமல் சமநிலைப் பாடம் படிக்கிறது. எந்த மருத்துவரும் கையால் பிடித்து இத்தனை தடவை அசைக்க இயலாது.

குதிரையின் உடல் வெப்பம் ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ். நம்முடையதைவிடச் சற்று மிகுதி. இளஞ்சூடும் சீரான அசைவும் விறைத்த தொடைத் தசைகளைத் தளர்த்த உதவும் என்பர். அதனால்தான் சிகிச்சையில் பெரும்பாலும் தோல் சேணத்தை நீக்கி, மெத்தை விரிப்பும் கைப்பிடி வைத்த வயிற்று வாரும் மட்டுமே பயன்படுத்துகிறார்கள்.

துள்ளு நடையில் குறுக்குக் கால்கள் இரண்டிரண்டாகத் தரையில் விழும். அதில் தூக்கிப் போடுதலே மிகுதி. மெல்லிய, சீரான, நேரான நடையே சிகிச்சைக்கு வேண்டுவது.

ஆராய்ச்சிகள் கூறுவன

கொள்கை அழகாக இருப்பதால் மட்டும் உண்மையாகிவிடாது. சோதித்துப் பார்க்க வேண்டும். 2003-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்று சிறியதாயினும் அறிவுக்கு விருந்தாவது. மூளை முடக்குவாதமுள்ள 15 குழந்தைகளுள் சிலரை 8 நிமிடம் நடக்கும் குதிரையின் மீதும், மற்றவரை அதே 8 நிமிடம் அசையாத பீப்பாயின் மீதும் கால் விரித்து உட்கார வைத்தனர். தசைகளின் மின் அதிர்வை அளந்தபோது, குதிரையில் அமர்ந்தவரிடம் இடவலத் தசைகளின் சமன்பாடு மேம்பட்டிருந்தது. பீப்பாயில் அமர்ந்தவரிடம் அத்தகைய மேம்பாடு இல்லை. ஆகவே கால் விரித்து அமர்வது மட்டும் போதாது, அசைவே காரணம் என்று தெரிந்தது.

2015-இல் கொரியாவில் 92 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வில், வாரம் இருமுறையாக 8 வாரம் ஹிப்போதெரபி பெற்றவரின் உடலியக்கமும் சமநிலையும் மேம்பட்டன. ஆனால் 2009-இல் ஆஸ்திரேலியாவில் 99 குழந்தைகளைக் கொண்டு 10 வாரம் நடந்த சவாரிப் பயிற்சி ஆய்வு, உடலியக்கத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை. இரண்டும் முரண்படுவனபோல் தோன்றலாம். முன்னது சிகிச்சையாளர் நடத்திய ஹிப்போதெரபி. பின்னது சவாரிப் பயிற்சி. யார், எதை, எந்தக் குழந்தைக்குச் செய்கிறார் என்பதைப் பொறுத்துப் பயன் மாறக்கூடும் என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம். 2012-இல் பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்தவர்களும், தாமாகவோ ஊன்றுகோல் முதலியவற்றின் துணையோடோ நடக்கக்கூடிய, 4 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளிடமே பயனை எதிர்பார்க்கலாம் என்று கூறினர். அதாவது, சான்று வலுவாக உள்ள இடம் ஏற்கெனவே ஓரளவு நடக்கும் குழந்தைகளிடம்தான்.

ஆட்டிசம் உள்ள சிறுவரிடம் வேறொரு பயன் காணப்பட்டது. 2015-இல் அமெரிக்காவில் 6 முதல் 16 வயது வரையுள்ள 127 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 10 வாரம் சவாரியும், மறு குழுவுக்குக் குதிரை இல்லாத லாயத்தில் குதிரையைப் பற்றிய பாடமும் கொடுத்தனர். சவாரி செய்தோரிடம் எரிச்சலும் மிகையான துறுதுறுப்பும் கூடுதலாகக் குறைந்தன.

ஆகவே, பயன் உண்டு, எல்லாருக்கும் இல்லை. துணையாகும், தனியே நின்று குணமாக்காது. நடக்காத பிள்ளையை 20 சவாரியில் நடக்க வைத்ததாக இவ்வாய்வுகளில் ஒன்றும் கூறவில்லை.

சவாரிப் பள்ளிக் குதிரை தகுமா?

சிகிச்சைக்கென்றே குதிரை வளர்ப்பது பெருஞ்செலவு. 300 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு உலர்தீனி மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 கிலோ வேண்டும். லாடம், மருந்து, ஆள் கூலி தனி. ஆகவே, காலையில் சவாரி கற்பிக்கும் குதிரையையே வேறொரு வேளையில் சிகிச்சைக்குக் கொண்டால் என்ன என்ற எண்ணம் இயல்பாக எழுகிறது. உலகின் பல இடங்களில் அவ்வாறே செய்கிறார்கள். பயிற்சிக் குதிரைக்குச் சில தகுதிகள் முன்பே உண்டு: புதியவர்களைப் பழகியது, பல கைகள் தொடுவதைப் பொறுப்பது, ஒழுங்கான நேர அட்டவணைக்கு இசைந்தது. ஆயினும் கீழ்க்கண்டவற்றை நோக்க வேண்டும்.

முதலாவது, கற்றதை மறக்க வேண்டிய சிக்கல். சவாரிப் பள்ளியில் குதிரை கற்கும் முதற்பாடம், 'விலாவில் கால் அழுத்தினால் முன்னேறு' என்பது. மூளை முடக்குவாதமுள்ள குழந்தையின் கால்கள் தாமே இறுகி அழுத்தும். குதிரை அதைக் கட்டளையென்று கருதி விரைந்தால், குழந்தை அஞ்சும். அஞ்சினால் கால்கள் மேலும் இறுகும். குதிரை மேலும் விரையும். சிகிச்சைக் குதிரை மேலிருப்பவரின் காலைப் பொருட்படுத்தாமல், முன்னே கயிறு பிடித்து நடப்பவரின் சொல்லையே கேட்க வேண்டும். ஒரே குதிரை காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றும் செய்ய வேண்டுமாயின், அதற்குத் தனிப் பழக்கம் தேவை.

இரண்டாவது, இரு பக்கமும் ஆள். குதிரை இரையாகும் விலங்கினத்தைச் சேர்ந்தது. ஐயம் தோன்றினால் ஓடுவதே அதன் இயல்பு. தலையின் இரு பக்கமும் கண் அமைந்திருப்பதால் நேர் பின்புறமும் நெற்றிக்கு முன் சிறிதிடமும் நீங்கலாகச் சுற்றிலும் காண வல்லது. சிகிச்சையில் ஒருவர் கயிறு பிடிப்பார். இருவர் இரு பக்கமும் குழந்தையின் தொடையைப் பிடித்தவாறு நடப்பர். சிகிச்சையாளர் உடன் செல்வார். இத்தனை பேர் நெருங்கி நடப்பதும், சக்கர நாற்காலியும், கீழே விழும் ஊன்றுகோலும், திடீரென்று எழும் அழுகையும் அதற்குப் பழக வேண்டும். குழந்தையை ஏற்றும் மேடைக்கு அருகில் சிலைபோல் நிற்கவும் வேண்டும். இவற்றை முதலில் வெற்று முதுகோடும், பிறகு பெரியவர் ஒருவரை ஏற்றியும், பல வாரம் பழக்கிய பின்னரே குழந்தையை ஏற்றுவது முறை.

மூன்றாவது, நேரான நடை. குதிரையின் நடையே மருந்து என்றோம். ஒரு கால் நோவுள்ள குதிரை அந்தக் காலைக் காத்து நடக்கும். அதன் முதுகு ஒரு பக்கம் குறைவாக அசையும். கோணல் நடையுள்ள குதிரை கோணல் பாடத்தையே கற்பிக்கும். கெட்டியான தரையில் நேராக ஓடவிட்டு, தலை சீராகச் செல்கிறதா, ஒரு காலடிக்கு மட்டும் தூக்கிப் போடுகிறதா என்று அடிக்கடி பார்ப்பது இன்றியமையாதது.

நான்காவது, களைப்பு. சவாரி பழகுவோர் முதுகில் தொப்பென்று விழுவர், கடிவாளத்தை இழுப்பர். நாள் முழுதும் அதைப் பொறுத்த குதிரைக்கு முதுகு வலி வருவது இயல்பு. சமநிலையற்றுச் சாய்ந்திருக்கும் குழந்தை எடை குறைந்ததாயினும், முதுகுக்கு அதுவும் பாரமே. மேலேறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது பொதுவாகக் கொள்ளும் அளவு. 300 கிலோ மட்டக்குதிரைக்கு அது 60 கிலோ. கனத்த சுற்றுலாக்காரர் பலரைச் சுமந்த குதிரையை மாலையில் குழந்தைக்குக் கொடுப்பது, இரவு முழுதும் விழித்த ஆசிரியரை வகுப்புக்கு அனுப்புவது போன்றதாகும். காதைப் பின்னால் மடித்தல், வாலை ஓயாது வீசுதல், பல்லைக் கடித்தல், தலையை உதறுதல் ஆகியன அது 'இயலவில்லை' என்று சொல்லும் மொழி. 2006-இல் அமெரிக்காவில் சிகிச்சைச் சவாரிக் குதிரைகளை ஆராய்ந்தவர்கள், உடற்குறையுடையோர் ஏறியபோது இவ்வறிகுறிகள் பொழுதுபோக்குச் சவாரியின்போது காணப்பட்டதைவிட மிகுந்துவிடவில்லை என்றும், நடத்தைச் சிக்கல் உள்ள சிறுவர் ஏறியபோதே மிகுந்தன என்றும் கண்டனர். ஆகவே, பிணியுற்ற குழந்தை குதிரைக்குப் பகையன்று. முரட்டுக் கையும் ஓய்வின்மையுமே பகை.

ஐந்தாவது, நோய்க் காப்பு. குதிரைக்குக் கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய் வரும். மனிதரையும் அது தாக்கும். இந்தியாவில் 2006 முதல் பல மாநிலங்களில் அது தலைகாட்டியிருக்கிறது. கண்டவுடன் அரசுக்குத் தெரிவிக்கச் சட்டம் உண்டு. இரத்தச் சோதனைக்கு ஹிசாரில் தேசியக் குதிரை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. லாயத்து மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கக்கூடும். குதிரை, குழந்தை, உடன் நடப்பவர் அனைவருக்கும் தடுப்பூசி வேண்டும்.

இவ்வைந்தும் நிறைந்தால் பயிற்சிக் குதிரையும் சிகிச்சைக்குத் தகும். அப்போதும் ஒரே நாளில் இரு பணியையும் சுமத்தாமல், வாரத்தில் ஓய்வு நாள் கொடுத்து, இடையிடையே தேர்ந்தவர் ஒருவர் ஏறி அதன் நடையை நேராக்கி வருவது நல்லது.

நம் எல்லைப்புறம்

இனி இந்த அளவுகோலை நம் மண்ணில் வைத்துப் பார்ப்போம். மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளைப் பக்கம் செல்வோர் சுற்றுலாக் குதிரைகளைக் கண்டிருப்பர். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். குளிர்ச்சி குதிரைக்கு உகந்ததே. ஆனால் நிலம் சரிவு. தென்மேற்குப் பருவமழையில் வழுக்கும். சாலையில் ஓயாத வண்டி ஒலி. சரிவில் இறங்கும் குதிரையின் முதுகு முன்னோக்கிச் சாய்வதால், உட்காரப் பழகாத குழந்தை கழுத்துப் பக்கம் சரியும். சிகிச்சைக்குச் சமதளமும், வேலியும், மணற்பாங்கான தரையும் வேண்டும்.

பாலக்காட்டுப் பக்கம் நிலம் தட்டை. சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை முதலிய ஊர்களில் தமிழர் மிகுதி. தத்தமங்கலத்தில் அங்காடி வேலையை ஒட்டிக் குதிரையோட்டம் நடக்கும். எல்லைக்கு இப்பால் கொங்கு நாட்டில் ரேக்ளா உண்டு. ஆடி மாதம் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் சந்தையில் குதிரை வாங்கி வருவோரும் உண்டு. ஆனால் அவை ஓடப் பழக்கிய குதிரைகள். கூட்டத்தின் ஆரவாரம் கேட்டால் பாயக் கற்றவை. பாயும் குதிரையின் புகழ் வேறு. பொறுத்து நடக்கும் குதிரையின் புகழ் வேறு. இனத்தைப் பற்றியன்று நான் சொல்வது, பழக்கத்தைப் பற்றி. மேலும், கணவாய் வழியே காற்று வீசினும் கோடையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடுவதுண்டு.

சுமை விலங்குகளைக் காக்க 1965-இல் மத்திய அரசு இயற்றிய விதிகள் இங்கே நினைக்கத்தக்கவை. மட்டக்குதிரையின் மீது 70 கிலோவுக்கு மேல் சுமை ஏற்றலாகாது. நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், இடைவிடாமல் 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலை வாங்கலாகாது. சுமைக்காக எழுந்த விதியாயினும் சவாரிக்கும் இதைக் கீழ் வரம்பாகக் கொள்வது அறம். சிகிச்சைக்கு இதினும் மிகக் குறைந்த நேரமே தகும்.

யாரை ஏற்றலாகாது?

இதுவே பெற்றோர் முதலில் அறிய வேண்டியது. கட்டுக்குள் வராத வலிப்புள்ளவர், எலும்பு எளிதில் முறியும் நோயுள்ளவர், முதுகெலும்பு மிக வளைந்தவர், ஆறாத புண்ணுள்ளவர், குதிரை மயிரால் மூச்சுத் திணறல் வருபவர் ஆகியோரை ஏற்றலாகாது. டவுன் குறைபாடுள்ள சிலருக்குக் கழுத்தின் மேலிரு எலும்புகளின் இணைப்புத் தளர்ந்திருக்கும். அதைச் சோதிக்காமல் ஏற்றினால் தண்டுவடத்துக்கே ஆபத்து. மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகும். நடக்க இயலாதவரிடம் இது இன்னும் மிகுதி. வெளியே தெரியாது, எக்ஸ்ரே படத்தில்தான் தெரியும். அத்தகைய மூட்டோடு கால்களை அகல விரித்து உட்கார வைப்பது தீங்கு.

இதைப் படித்த அன்றே சித்தியிடம் பேசினேன். "குதிர கெட்டதில்ல சித்தி. ஆனா மொதல்ல இடுப்ப ஒரு படம் எடுத்துப் பாக்கணும். படம் பாக்காம ஏத்தச் சொல்றவன் பேச்ச நம்பாதீங்க" என்றேன். அவர் தோட்டை அடகு வைக்கவில்லை. பையனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி மருத்துவமனைக்குச் சென்றார். படத்தில் இடப்பக்க மூட்டு சற்று விலகத் தொடங்கியிருந்தது. இப்பொழுது எலும்பு மருத்துவரின் பார்வையில் இருக்கிறான். தினமும் வீட்டில் பயிற்சி நடக்கிறது. அவன் நடப்பானா என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. சாயாமல் உட்கார வைப்பதே இப்போதைய குறிக்கோள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சித்திக்கு அதில் வருத்தம் உண்டு. ஆயினும், "இருபது தடவ"க் கணக்குச் சொன்னவரைவிட, தெரிந்ததைச் சொன்னவர் மேல் என்கிறார்.

நாம் செய்யத்தக்கது

ஏழைத் தாய்க்கு இன்று அருகில் கிடைப்பன எவை? 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின்படி, பிறப்பு முதல் 18 வயது வரை குறைகளைக் கண்டறிந்து மாவட்ட இளம்பருவச் சிகிச்சை மையத்துக்கு அனுப்ப வழி உண்டு. கேரளத்தில் ஊராட்சிகள் நடத்தும் பட்ஸ் பள்ளிகள் உண்டு. அவற்றுள் முதலாவது 2004-இல் வெங்ஙானூரில் தொடங்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைகளை ஏற்றுக்கொண்டு, உதவிக்கு உரிமையளிக்கிறது. இவையெல்லாம் குதிரைக்கு முன் வர வேண்டியவை.

நம் எல்லைப்புறத் தாய்மாருக்கு இங்கே மொழியும் ஒரு தடை. சிகிச்சையாளர் மலையாளத்தில் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டு வந்து, வீட்டில் பாதியை மறந்துவிடுகிறார்கள். எந்தக் காலை எந்தப் பக்கம், எத்தனை நேரம் நீட்டுவது என்பதில் பாதி மறந்தால் பயிற்சியே வீண். இரு மொழியும் அறிந்த நாம் அல்லவா இங்கே பாலமாக நிற்க வேண்டும்? நம் சங்கம் மூன்று காரியங்களை எடுத்துக்கொள்ளலாம் என்று முன்மொழிகிறேன். வீட்டில் செய்யும் பயிற்சிகளைச் சிகிச்சையாளரிடம் கேட்டு, படத்தோடு எளிய தமிழில் ஒரு சிறு வெளியீடாக அச்சிடுவது. விடுமுறையில் ஊர் செல்வோர், தம் லயத்தில் உள்ள இத்தகைய குழந்தை ஒன்றையேனும் அருகிலுள்ள மையத்துக்கு உடன் அழைத்துச் செல்வது. மூன்றாவதாக, எவரேனும் குதிரையைக் காட்டி வைத்தியம் என்று சொன்னால், நான்கு கேள்விகளைக் கேட்கும் துணிவைப் பெற்றோருக்கு ஊட்டுவது: உரிமம் பெற்ற சிகிச்சையாளர் யார்? குழந்தையின் படத்தையும் குறிப்பையும் பார்த்தாரா? உடன் நடப்பவர் எத்தனை பேர்? இக்குதிரை இன்று இதற்குமுன் எத்தனை பேரைச் சுமந்தது?

நான்காவது கேள்வி குதிரைக்காகக் கேட்பதுபோல் தோன்றும். உண்மையில் அதுவும் குழந்தைக்காகவே. ஓய்ந்த குதிரையின் முதுகில் குழந்தைக்குக் காப்பும் இல்லை, பயனும் இல்லை. நல்ல நிலமும், பழகிய குதிரையும், கற்ற சிகிச்சையாளரும் ஒருங்கே அமைந்த மையம் ஒன்று நாளை நம் எல்லைப்புறத்தில் தோன்றலாம். தோன்றும் நாளில், இரு பக்கமும் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆள் வேண்டியிருக்கும். அதற்கு முதலில் பெயர் கொடுப்பவர்கள் நம் சங்கத்து மாணவர்களாக இருத்தல் வேண்டும்.